பாட்டைச் சிதைத்த மாணவன்

பரிசளிப்பு விழாவில் மாணவன் ஒருவன் மேடையேறிப் பாட்டு ஒப்பிப்பதும், இடையில் ஒரு சொல் தடுமாறினால் ஓரத்தில் நிற்கும் ஆசிரியரின் முகம் சுண்டிப்போவதும் பள்ளிக்கூடத்தோடு தொடர்புடையார் அனைவர்க்கும் பழகிய காட்சிகள். அத்தகைய மேடை ஒன்றில் ஒரு சிறுவன், தனக்கு நன்கு மனப்பாடமான இரண்டு ஆங்கிலப் பாட்டுகளை வேண்டுமென்றே முன்பின்னாக மாற்றி, அடியையும் பொருளையும் குலைத்து ஒப்பித்துவிட்டு இறங்குகிறான். அறியாமையால் அன்று, அவைக்கு அஞ்சியும் அன்று. தன் தோழன்மீது கொண்ட காதலால் அவ்வாறு செய்கிறான். இலங்கையில் பிறந்து கனடாவில் குடியேறிய ஷியாம் செல்வதுரை ஆங்கிலத்தில் எழுதி 1994இல் வெளியிட்ட 'ஃபன்னி பாய்' என்னும் நூலின் ஐந்தாம் கதை இந்நிகழ்ச்சியை நோக்கியே நடக்கிறது.

'தோழன்மீது கொண்ட காதல்' என்னும் தொடர் படிப்போர் சிலரைத் திடுக்கிடச் செய்யலாம். 'நட்பு' என்று சொல்லிக் கடந்துபோவது எளிது. ஆனால் நூலாசிரியர் அவ்வழியை அடைத்துவிட்டார். ஆர்ஜி என்னும் தமிழ்ச் சிறுவனுக்கும் ஷெஹான் என்னும் சிங்களச் சிறுவனுக்கும் இடையே உள்ளது காதலே என்பதை அவர் குறிப்பாக வைக்காமல் வெளிப்படையாகவே கூறுகிறார். ஆகவே திறனாய்வுக்கு உரிய வினா அது நட்பா காதலா என்பதன்று. அக்காதல் அச்சிறுவனை என்ன செய்யத் தூண்டிற்று, அவன் செய்தது தக்கதா என்பதே வினா. இவ்வினா எளிதில் விடை காணக்கூடியதன்று. ஏனெனில் அவன் சிதைத்த பாட்டோடு அப்பள்ளியில் பயின்ற தமிழ் மாணவர்களின் நலனும் பிணைந்திருந்தது.

நூலும் அதன் பெயரும்

ஷியாம் செல்வதுரை 1965இல் கொழும்பில் பிறந்தவர்; தந்தை தமிழர், தாய் சிங்களவர். 1983 ஜூலைக் கலவரத்திற்குப் பின் குடும்பத்தோடு கனடாவிற் குடியேறினார். ஃபன்னி பாய் அவருடைய முதல் நூல். கனடாவில் முதல் நாவலுக்கு வழங்கும் பரிசையும், அமெரிக்காவில் லாம்ப்டா இலக்கியப் பரிசையும் பெற்றது. நூலில் ஆறு கதைகள் உள்ளன. ஆறையும் அர்ஜுன் செல்வரத்தினம் என்ற ஆர்ஜியே சொல்கிறான். தனித்தனியே படித்தால் சிறுகதை. தொடர்ந்து படித்தால் ஏழு வயதுக் குழந்தை பதின்வயதை எட்டும் வரை வளரும் நாவல்.

நூலின் பெயரில் உள்ள 'ஃபன்னி' என்னும் சொல்லுக்கு வேடிக்கை என்று பொருள் கொண்டால் பாதிதான் கிடைக்கும். நம் மக்கள் ஒருவனைப் பற்றித் தாழ்ந்த குரலில் 'அவன் ஒரு மாதிரி' என்பார்களே, அந்த 'ஒரு மாதிரி'தான் மற்றப் பாதி. பெரியவர்கள் அச்சொல்லைத் தன்னைப்பற்றிச் சொல்லும்போது அதில் ஏதோ அருவருப்புத் தொனிக்கிறது என்று குழந்தை உணர்கிறான், பொருள்தான் விளங்கவில்லை. பொருள் விளங்காத ஒரு சொல்லால் தண்டிக்கப்படுவதே முதற் கதையின் செய்தி. மாதம் ஒரு ஞாயிறு பாட்டன் வீட்டில் கூடும் பேரக்குழந்தைகளுள் பெண்கள் கல்யாண விளையாட்டு ஆடுகிறார்கள். அதில் ஆர்ஜி மணப்பெண். வெளிநாட்டிலிருந்து வந்த உறவுக்காரச் சிறுமி அதை எள்ளி நகையாட, செய்தி பெரியவர்களை எட்டுகிறது. அவன் அவ்விளையாட்டிலிருந்து பிரித்து எடுக்கப்பட்டு, ஆண்பிள்ளைகள் ஆடும் கிரிக்கெட்டுக்கு அனுப்பப்படுகிறான்.

இந்தக் கிரிக்கெட்டை மறவாமல் நினைவில் வைத்துக்கொள்ளுதல் வேண்டும். ஐந்தாம் கதையில் அவன் மனப்பாடம் செய்யுமாறு பணிக்கப்படும் பாட்டுகள் ஹென்றி நியூபோல்ட் (1862–1938) என்னும் ஆங்கிலப் புலவர் இயற்றியவை. அவற்றுள் ஒன்று, பள்ளிக் கிரிக்கெட்டுத் திடலில் கற்ற துணிவே பின்னாளில் பாலைநிலப் போர்க்களத்தில் படையைக் காக்கும் என்று சொல்வது. மற்றொன்று, படித்த பள்ளியே பள்ளிகளில் தலைசிறந்தது என்று பழைய மாணவர் பாடுவது. கதைக்கும் அதன் பெயரே தலைப்பு. குழந்தைப் பருவத்தில் எந்தத் திடலுக்கு அவன் தண்டனையாக விரட்டப்பட்டானோ அதே திடலைப் புகழும் பாட்டைத்தான் பள்ளி அவன் வாயில் திணிக்கிறது. முதற் கதையையும் ஐந்தாம் கதையையும் இவ்வாறு தொடுத்திருப்பது ஆசிரியரின் நுண்மைக்குச் சான்று.

தந்தையின் தோழரும் மகனின் தோழனும்

இந்நூலைப் பற்றிப் பேசுவோர் ஆர்ஜி–ஷெஹான் உறவையே பெரிதும் எடுத்துக்கொள்கின்றனர். அதற்கு முந்தைய கதையில் மற்றொரு பள்ளித்தோழமை இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால்தான் ஆசிரியரின் உள்ளக்கிடை புலப்படும்.

ஆர்ஜியின் தந்தைக்குப் பள்ளி நாளில் பரமேஸ்வரன் என்று ஓர் உயிர்த்தோழர். இருவரும் பிரியாது திரிந்தவர்கள். ஒருவரையொருவர் காப்பது, ஒருவர் குடும்பத்தை மற்றவர் காப்பது என்று சிறுவயதிலேயே எழுதி உறுதி செய்துகொண்டவர்கள். ஆண்டுகள் பல கழிந்தபின் அத்தோழர் குடும்பத்திலிருந்து ஒரு கடிதம் வருகிறது. தந்தை அந்தப் பழைய வாக்கை மதித்து, தோழரின் மகன் ஜெகனுக்குத் தம் விடுதியில் வேலை கொடுக்கிறார். ஜெகன் வடக்கே போராளிகளோடு தொடர்புற்றிருந்தவன். காலம் போகப்போகச் சிங்களப் பணியாளர் முணுமுணுக்கின்றனர், காவல்துறை ஐயுறுகிறது, தொழில் கெடுமோ என்ற அச்சம் எழுகிறது. முடிவில் தந்தை அவனை அனுப்பிவிடுகிறார்.

தந்தை கொடியவர் அல்லர். சிறுபான்மையினராக இருந்து தொழில் நடத்துபவர்க்கு உள்ள இடர் அவருக்கு. வாயை மூடிக்கொண்டு, கண்ணில் படாமல் வாழ்ந்தால் பிழைக்கலாம் என்பது அவர் கணக்கு. 'சிறிய தெரிவுகள்' என்று பொருள்படும் தலைப்பு அக்கதைக்கு எத்துணைப் பொருத்தம்! மனிதன் ஒரே நாளில் வாக்குத் தவறுவதில்லை. இன்று ஒன்று, நாளை ஒன்று என்று விட்டுக்கொடுத்துக்கொண்டே வந்து முடிவில் தவறியவனாக நிற்கிறான்.

இதே தந்தைதான், மகன் 'ஒரு மாதிரி' ஆகிவிடுவானோ என்று கவலைப்படுபவர். அக்கவலையை ஜெகனிடமே சொல்கிறார். பையனிடம் குறை ஒன்றும் தமக்குத் தெரியவில்லை என்பது ஜெகனின் மறுமொழி. பிறகு மகனை ஆண்பிள்ளையாக்க வேண்டும் என்று கருதி, கட்டுப்பாட்டுக்குப் பெயர்போன விக்டோரியா அகாடமியில் சேர்க்கிறார். மகன் அங்கேதான் ஷெஹானைக் காண்கிறான்! ஆசிரியரின் நகைச்சுவை இவ்விடத்தில் சற்றுக் கசப்பானது.

உலகம் ஒப்புக்கொண்ட தோழமை எழுத்து வடிவ உறுதிமொழியோடு இருந்தும், நெருக்கடி வந்தபோது நெகிழ்ந்துவிட்டது. உலகம் இழிக்கும் தோழமைக்கு உறுதிமொழி ஏதும் இல்லை. அதுவோ நெருக்கடியில் மேடையேறி நின்றது. வள்ளுவர் நட்புக்கு இலக்கணம் வகுத்தபோது பழகிய காலத்தையோ நெருங்கி உறைதலையோ அளவாகக் கொள்ளவில்லை. உணர்ச்சியையும், இடுக்கண் வந்தவிடத்துத் தாமதியாமல் உதவுவதையுமே அளவாகக் கொண்டார். அவ்வளவுகோலை இவ்விரு தோழமைகளின்மேல் வைத்துப் பார்க்கும் பணியைத் தமிழாசிரியர் ஒருவரே செய்ய வல்லவர்.

கறுப்பு டையின் பள்ளி

விக்டோரியா அகாடமியின் முதல்வர் அபேசிங்க. மாணவர் இட்ட பெயர் 'கறுப்பு டை'. வெள்ளையர் காலத்து உடை, வெள்ளையர் காலத்து ஒழுங்கு, கையில் பிரம்பு. நீளமாக முடி வளர்த்த ஷெஹானைப் பிடித்து இழுத்து, தம் கையாலேயே கத்தரித்து அலங்கோலமாக்குகிறார். பாட்டு ஒப்பிக்கத் தடுமாறும் ஆர்ஜியை அடிக்கிறார். அடி விழ விழப் பாட்டு மேலும் மறக்கிறது. அச்சத்தில் நாக்கு உலர்ந்து சொல் எழாமல் நிற்கும் சிறுவனை ஆசிரியர் எழுதியிருக்கும் பக்கங்கள் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிகளில் பாடமாக வைக்கத் தக்கவை. மனப்பாடம் ஏன் வரவில்லை என்பதற்கு உளவியல் நூல்கள் பத்துப் பக்கத்தில் சொல்வதை இக்கதை ஒரு பக்கத்தில் காட்டிவிடுகிறது.

கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டப் பள்ளிகளில் பயின்றவர்க்கு இப்பகுதி அயலானதாகத் தோன்றாது. பிரம்பை மலாய்மொழி 'ரோத்தான்' என்கிறது. தோட்டத்துத் தமிழரும் அச்சொல்லையே எடுத்துக்கொண்டனர். ஜெராமை அடுத்திருக்கும் புக்கிட் ரோத்தான் தன் பெயரிலேயே பிரம்பைச் சுமந்து நிற்கிறது. 'கண்ணை மட்டும் விட்டுவிட்டு அடியுங்கள் சார்' என்று பெற்றோரே சொல்லிப் பிள்ளையை ஒப்படைத்த காலம் ஒன்று இருந்தது. அக்காலத்து ஆசிரியரை இன்று பழிப்பது எளிது. அவர்கள் படிப்பித்த பிள்ளைகளே தோட்டத்தை விட்டு முன்னேறினார்கள் என்பதையும் மறத்தலாகாது. ஆயினும் அடிக்கு அஞ்சிய பிள்ளை கற்றது எது, கல்லாமல் விட்டது எது என்னும் கேள்வி அப்படியே நிற்கிறது.

மற்றொன்றும் இவ்வட்டாரத்தார்க்கு விளங்கும். ஜெராம், புக்கிட் ரோத்தான், ஈஜோக் முதலிய இடங்களில் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு ஒரே பெஞ்சில் அமர்ந்த இருவர், மலாய்மொழி வழியே நடக்கும் இடைநிலைப் பள்ளிக்குச் செல்லும்போது ஒருவன் நேரே முதல் படிவத்துக்கும் மற்றவன் புகுமுக வகுப்புக்கும் போய்விடுவது நெடுங்காலம் நிலவிய வழக்கு. ஓராண்டு இடைவெளி நட்பை அறுத்துவிடப் போதும். ஆர்ஜியின் பள்ளியிலும் பயிற்றுமொழியே மாணவரைப் பிரித்தது: சிங்கள வகுப்பு ஒருபுறம், தமிழ் வகுப்பு மறுபுறம். 1956இல் சிங்களமே ஆட்சிமொழி ஆனபின், வருங்காலம் சிங்களத்துக்கே என்று கருதிய தந்தை மகனைச் சிங்கள வகுப்பிலேயே சேர்த்திருக்கிறார். 'தமிழனுக்கு இங்கே என்ன வேலை?' என்பது அவ்வகுப்பிலுள்ள சல்காதோ போன்ற முரட்டு மாணவரின் கேள்வி. தந்தை போட்ட கணக்கு மகன் தலையில் விடிகிறது. ஆனால் தமிழ் வகுப்பில் இருந்திருந்தால் ஷெஹானின் பக்கத்தில் அமர்ந்திருக்கவே முடியாது என்பதும் உண்மை.

நியூபோல்டின் பாட்டு இலங்கைக்கு எவ்வழி வந்ததோ அவ்வழியே மற்றொன்றும் வந்தது. 1860இல் பிரிட்டிஷார் இந்தியாவுக்கு எழுதிய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு, ஒருபாற் புணர்ச்சியைக் குற்றமாக்கியது. அதன் சாயலில் அமைந்த சட்டம் 1883இல் இலங்கையில் வந்தது; மலாயாவிலும் வேரூன்றியது. இந்திய உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6ஆம் நாள், மனம் ஒத்த வயதுவந்தோர்க்கு அப்பிரிவு பொருந்தாதென்று தீர்ப்பளித்தது. ஒருபாற் காதல் மேனாட்டிலிருந்து வந்த நோய் என்போர், அதனைக் குற்றமாக எழுதிய சட்டம் எங்கிருந்து வந்தது என்பதையும் எண்ணிப்பார்த்தல் நன்று. கறுப்பு டையின் மேசைமேல் பாட்டுப் புத்தகமும் பிரம்பும் ஒன்றாக இருந்தன.

சுந்தரலிங்கத்தின் கணக்கு

இதுவரை சொன்னதைக் கொண்டு கறுப்பு டையைக் கொடுங்கோலர் என்று முடிவுகட்டிவிடலாம். ஆசிரியர் அவ்வளவு எளிதாக விடவில்லை. பள்ளியின் துணைமுதல்வர் லொக்குபண்டார அரசியல் செல்வாக்கினால் வந்தவர். பள்ளியைச் சிங்கள பௌத்தப் பள்ளியாக மாற்றுவது அவர் நோக்கம். அடிப்பவராயினும் கறுப்பு டை, எல்லா இனத்தார்க்கும் எல்லாச் சமயத்தார்க்கும் பள்ளி பொது என்ற கொள்கையுடையவர். பரிசளிப்பு விழாவுக்கு வரும் அமைச்சர் அப்பள்ளியின் பழைய மாணவர். அவர் மனத்தைப் பழைய நினைவால் கரைத்து, தம் பதவியைக் காத்துக்கொள்வதற்காகவே கறுப்பு டை அந்தப் பாட்டுகளைத் தேர்ந்தெடுத்தார். தம் பேச்சையும் அவற்றின்மேலேயே கட்டினார்.

இதனை ஆர்ஜிக்கு எடுத்துரைப்பவர் சுந்தரலிங்கம் என்னும் தமிழ் ஆசிரியர். கறுப்பு டை வீழ்ந்தால் லொக்குபண்டார வருவார். அவர் வந்தால் தமிழ்ப் பிள்ளைகளின் கதி என்ன என்பது அவர் கேட்கும் கேள்வி. இதைப் படிக்கும் தமிழாசிரியரின் நெஞ்சம் இயல்பாகவே சுந்தரலிங்கத்தின் பக்கம் சாயும். சிறுபான்மைப் பள்ளியில் பணியாற்றியவர் யாருக்கும் இந்தக் கணக்கு தெரிந்த கணக்கே. இருக்கும் தீமைகளுள் சிறியதைத் தேர்ந்து, அதனோடு ஒத்துப்போய், பிள்ளைகளுக்கு உள்ள இடத்தையாவது காத்துக்கொள்வது. சுந்தரலிங்கம் கோழை அல்லர், அறிவாளி, மாணவர்மீது அன்புடையவர்.

ஆர்ஜி இவற்றையெல்லாம் கேட்டறிந்த பின்னரே பாட்டைச் சிதைக்கிறான். அதுதான் அச்செயலின் கனம். விளையாட்டுப் பிள்ளையின் குறும்பாக இருந்தால் கதையே இல்லை. அதற்கு முன் அவனும் ஷெஹானும் பிரிந்திருந்த நாள்கள் உண்டு. காதலின் முதல் அறிவு அவனுக்கு அச்சமாகவும் வெட்கமாகவும் வந்தது; தன் குடும்பத்தின்முன் தான் மாசுபட்டுவிட்டதாக எண்ணி ஷெஹானை வெறுத்து ஒதுக்கினான். நேற்றுவரை நண்பனாக இருந்தவனைப் பள்ளியில் கண்டும் காணாததுபோல் கடந்தான். பிறகே, ஷெஹான் தனக்கு இழைத்தது இழிவன்று, கொடுத்தது அன்பு என்று தெளிகிறான். வெறுப்பிலிருந்து மீண்ட அத்தெளிவே ஷெஹான் படும் துன்பத்தைப் பார்க்கும் கண்ணை அவனுக்குத் தருகிறது. அடிபட்டு அடிபட்டு, வெளிக்குத் திமிராகவும் உள்ளே உடைந்தும் கிடக்கும் தோழனைக் காப்பது அவனுக்கு முதற்கடனாகிறது.

அப்படியாயின் ஆர்ஜி தன் இனத்துப் பிள்ளைகளைக் கைவிட்டானா? ஒருவன்பால் உள்ள காதலுக்காகப் பலர் நலத்தை விலையாகக் கொடுத்தானா? இக்குற்றச்சாட்டைப் புறந்தள்ளலாகாது. ஆனால் ஆர்ஜி எழுப்பும் எதிர்வினா ஒன்று உண்டு. மற்றவர் கொடியவர் என்பதனால் மட்டும் அடிப்பவர் ஒருவரைத் தாங்கிப்பிடிக்க வேண்டுமா என்பதே அது. லொக்குபண்டார வேண்டாம் என்பதற்காக ஷெஹான் அடிபட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொல்ல எவருக்கு உரிமை? சுந்தரலிங்கத்தின் கணக்கில் தமிழ்ப் பிள்ளைகள் உண்டு. அதில் ஷெஹானுக்கு இடமில்லை. சிங்களப் பிள்ளை என்பதாலும், கெட்டபிள்ளை என்று பெயரெடுத்தவன் என்பதாலும் அவன் எவர் கணக்கிலும் இல்லை.

அடுத்த கதை 1983 ஜூலை. கறுப்பு டை பதவியில் நிலைத்திருந்தால் மட்டும் அந்தத் தீ நின்றிருக்குமா? வெள்ளையர் விட்டுச்சென்ற ஒழுங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த பள்ளிக்கு அந்த வலிமை இருந்ததில்லை. சுந்தரலிங்கத்தின் கணக்கில் கூட்டல் பிழை இல்லை. கைமுதல் என்று அவர் எழுதிக்கொண்டதுதான் கையில் இல்லாத முதல்.

அகத்திணையும் பெயரும்

தமிழ் இலக்கணம் கற்றோர் மனத்தில் ஒரு கேள்வி எழாமல் இராது. இக்காதலை எத்திணையில் வைப்பது? கைக்கிளை, ஐந்திணை, பெருந்திணை என்ற ஏழினுள்ளும் ஆண்–பெண் உறவே பேசப்படுகிறது. ஆடவர் இருவரின் ஆழ்ந்த அன்பைச் சங்கப் புலவர் பாடாமல் விடவில்லை. ஆனால் அதைப் புறத்தில் வைத்தனர். கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது, அதுகாறும் அவனை நேரிற் கண்டறியாத பிசிராந்தையார் பாண்டிநாட்டிலிருந்து வந்து உடன் உயிர்நீத்த செய்தியைப் புறநானூறு சொல்கிறது. அவ்விருவரையும் இக்காலத்துக் கண்கொண்டு காதலர் என்று காட்ட முற்படுவாரும் உளர்; அது நூலுக்கு வன்முறை செய்வதாகும். அதுபோலவே, இலக்கணத்தில் இடமில்லாததால் தமிழரிடையே அத்தகைய நெஞ்சமே இருந்ததில்லை என்பதும் வழு. இலக்கணம் பாடத்தக்கவற்றை வகுத்தது. வாழ்ந்தோர் அனைவரையும் எண்ணிக் கணக்கெடுக்கவில்லை.

திணைப்பெயரைத் தேடுவதைவிட, அகத்திணை மரபின் வேறொரு விதி இக்கதைக்குப் பேரொளி தருகிறது. அகப்பாட்டில் தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர் சுட்டலாகாது. பெயர் வந்தால் பாட்டு அகத்தினின்றும் நீங்கிவிடும். பெயரற்ற இருவர் என்பதால்தான் அக்காதல் படிப்போர் அனைவர்க்கும் உரியதாகிறது. ஆர்ஜியும் ஷெஹானும் பெயரில்லாமல் இருக்க முடிந்திருந்தால்! இலங்கையில் பெயரே இனத்தைக் காட்டிக்கொடுப்பது. 1983 ஜூலையில் கொழும்பில் வெறிக்கூட்டம் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடித் தேடிக் கொளுத்தியது வரலாறு. செல்வரத்தினம் என்ற பெயர் எரிய வேண்டிய வீட்டின் பெயர். சொய்சா என்ற பெயர் எரியாத வீட்டின் பெயர்.

நாட்குறிப்பு வடிவில் அமைந்த கடைசிக் கதையில் ஆர்ஜியின் வீடு எரிகிறது. பாட்டனும் பாட்டியும் கொல்லப்படுகின்றனர். குடும்பம் கனடாவுக்குப் புறப்படுகிறது. அந்நாள்களில்தான் ஷெஹான் சிங்களவன், தான் அவ்வாறில்லை என்ற உணர்வு முதன்முறையாக ஆர்ஜியின் நெஞ்சில் தைக்கிறது. ஷெஹான் மாறிவிடவில்லை, தேடி வருகிறான், அன்பு குறையவில்லை. ஆயினும் இருவர்க்கிடையே ஒன்று நுழைந்துவிட்டது. தந்தை, பள்ளி, பிரம்பு, ஏளனம் ஆகிய எவற்றாலும் பிரிக்க முடியாதவர்களை ஒரு வாரத்தில் பெயர் பிரித்துவிட்டது. காதலர்க்கிடையே ஒப்புமையாகத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எண்ணும் பத்தினுள் பிறப்பு முதலில் வருகிறது. உணர்வு பின்னே வருகிறது. இவ்வரிசையைக் கொழும்பு வேறு வகையில் மெய்ப்பித்தது.

இரண்டாம் கதையிலும் இதே துயரம் உண்டு. ஆர்ஜியின் அத்தை ராதா, அனில் என்னும் சிங்கள இளைஞனிடம் நெஞ்சைப் பறிகொடுக்கிறாள். யாழ்ப்பாணத்திலிருந்து திரும்பும் தொடர்வண்டியில் தாக்கப்பட்டபின், பெரியோர் பார்த்த தமிழ் மாப்பிள்ளையையே மணக்கிறாள். ஆணும் பெண்ணும் ஆன அவர்களையும் அந்நாடு சேரவிடவில்லை. ஒருபாற் காதல் என்பதற்காகவே ஆர்ஜியின் காதல் தோற்றது என்பார் இக்கதையை ஒருமுறை திரும்பப் படிப்பது நலம்.

குறைகள்

இத்துணைச் சிறப்புடைய நூலில் குறைகள் இல்லாமலில்லை. ஆர்ஜியின் உலகம் கொழும்பு நகரத்து வசதியுள்ள தமிழரின் உலகம். கார், விடுதி, கடற்கரை, ஆங்கிலப் பேச்சு. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராகி, 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இரண்டு அரசுகளுக்கிடையே தலை எண்ணிப் பங்கிடப்பட்ட மலைநாட்டுத் தோட்டத் தமிழர் இந்நூலின் முன்னணியில் எங்கும் இல்லை. தேயிலைத் தோட்டத்து லயத்தில் இதே நெஞ்சோடு ஒரு பிள்ளை வளர்ந்திருப்பான். அவன் கையில் நியூபோல்டின் பாட்டு இருந்திராது, விக்டோரியா அகாடமியும் இருந்திராது. ரப்பர்த் தோட்டத்துப் படிப்போர் இக்குறையைக் கொழும்புப் படிப்போரைவிட முன்னதாகவே காண்பர். ஒருவர் தாம் வாழ்ந்த உலகையே எழுத முடியும் என்பது சமாதானம் ஆகலாம்; குறை குறைதான்.

2020இல் தீபா மேத்தா இந்நூலைத் திரைப்படமாக்கினார். தமிழ்ப் பாத்திரங்களுக்குத் தமிழ் நடிகர் போதிய அளவில் அமையவில்லை, தமிழ் ஒலிப்பும் செம்மையாக இல்லை என்று கனடாத் தமிழர் வருந்தினர். தமிழனென்ற பெயருக்காக வீடிழந்தவர்களின் கதையில் தமிழ்மொழி தடுமாறியது வருந்தத்தக்கதே. ஷியாம் செல்வதுரை 2005இல் இளையோர்க்கென எழுதிய 'ஸ்விம்மிங் இன் தி மான்சூன் சீ' என்னும் நூலும் இதே பொருளுடையது. 1980இன் கொழும்பில், பள்ளியில் 'ஒதெல்லோ' நாடக ஒத்திகை நடக்க, கனடாவிலிருந்து வந்த உறவினன்மீது ஒரு சிறுவன் கொள்ளும் சொல்லப்படாத காதலும் பொறாமையும் அதில் வருகின்றன. மென்மையான நூல்; ஆயினும் ஃபன்னி பாயின் கூர்மை அதில் இல்லை. பதின்வயது மாணவர் கையில் முதலில் கொடுப்பதற்கு அதுவே ஏற்றது எனலாம்.

தமிழ்ப் புனைகதையில் ஆண்–ஆண் உறவு வந்திராமல் இல்லை. கரிச்சான்குஞ்சுவின் 'பசித்த மானிடம்' 1978இலேயே அதைத் தொட்டது. அங்கு வருவது வசதியுள்ளவரின் பிடியில் சிக்கிய இளைஞனின் சீரழிவு. உறவு அங்கே சுரண்டலின் மறுபெயர். ஒத்த வயதும் ஒத்த நெஞ்சும் உடைய இருவரிடையே முகிழ்த்துப் பிரிவில் முடியும் காதலைத் தமிழ்ச் சிறுவன் ஒருவன் வாயிலாகக் கேட்பதற்கு ஆங்கிலத்தில் எழுதிய ஒருவரை நாட வேண்டியிருக்கிறது.

எல்லாவற்றினும் பெரிய குறை ஷெஹானைப் பற்றியது. ஆறு கதையும் ஆர்ஜியின் வாய்மொழியாதலின், ஷெஹானைப் பற்றி ஆர்ஜி கண்டது மட்டுமே படிப்போர்க்குக் கிடைக்கிறது. வெட்டப்பட்ட முடி, திமிரான பார்வை, உள்ளே மறைந்த அழுகை, இவ்வளவே. ஆர்ஜிக்கு மேடை ஒன்று கிடைத்தது, நாட்குறிப்பும் கிடைத்தது. வெளிநாடு புறப்பட்ட தோழனை வழியனுப்பிவிட்டு, தன் இனத்தார் கொளுத்திய நகரத்தில் அதே முதல்வரின் பள்ளிக்குத் திரும்பிப் போக வேண்டியவன் ஷெஹான். அந்த முதல் நாள் வகுப்பில் பக்கத்து இருக்கை வெறுமையாக இருந்திருக்கும். அவன் என்ன செய்தான் என்பது நூலில் இல்லை.